தொட்டி பெரிது, வடிகட்டியோ சிறிது

அண்மையில் நண்பர் ஒருவரின் புதுமனை புகுவிழாவுக்குச் சென்றிருந்தேன். வரவேற்பறையின் நடுவே ஐந்தடி நீளக் கண்ணாடித் தொட்டி. அதனுள்ளே நான்கு ஒஸ்கார் மீன்கள். தொட்டிக்கும் அதனைத் தாங்கும் தேக்குமரப் பீடத்துக்கும் செலவான தொகையை நண்பர் பெருமையுடன் கூறினார். வடிகட்டி எங்கே என வினவினேன். மூலையில் ஒட்டப்பட்டிருந்த, கையளவேயான ஒரு கறுப்புப் பெட்டியைச் சுட்டிக்காட்டினார். "கடைக்காரன் இலவசமாகத் தந்தவன்" என்றார்.

இவரைக் குறைகூறும் தகுதி எனக்கு இல்லை. பல வருடங்களுக்கு முன்னர் என் வீட்டிலும் நான்கடித் தொட்டி ஒன்று இருந்தது. விரலளவு குஞ்சுகளாக வாங்கிய மூன்று ஒஸ்கார்கள் அதில் உள்ளங்கையிலும் பெரிதாக வளர்ந்திருந்தன. இரவுப் பணி முடிந்து நான் வீடு திரும்பும் வேளையில் கண்ணாடியருகே வந்து வாலசைத்து நிற்கும். ஒருமுறை தீபாவளிக்கு விருந்தினர் வரவிருந்தமையால், வடிகட்டியைக் கழற்றி, உள்ளிருந்த பஞ்சு, பீங்கான் வளையங்கள் யாவற்றையும் குழாய்நீரில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். வெள்ளைவெளேரென்று மின்னின. மூன்றாம் நாள் நீர் பால்போலக் கலங்கியது. ஐந்தாம் நாள் இரண்டு மீன்கள் மிதந்தன.

மீன்களுக்கு என்ன நோய் என அறியக் கடைக்குச் சென்றேன். கடைக்காரர் கேட்டது ஒரே கேள்விதான். "ஐயா, வடிகட்டியை எந்தத் தண்ணியில கழுவினீங்கள்?" சொன்னேன். "அப்ப மீனுக்கு ஒரு வருத்தமும் இல்லை. உங்கட கையாலதான் போச்சுது" என்றார்.

அன்றுதான் வடிகட்டி என்பது குப்பை பிடிக்கும் சல்லடை மாத்திரமல்ல என்பதைப் புரிந்துகொண்டேன். மீனின் செவுள்வழியாகவும் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் அமோனியா உருவாகின்றது. அது மீனுக்கு நஞ்சு. ஒருவகைப் பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சே. வேறொருவகை அதனைத் தீங்கு குறைந்த நைத்திரேற்றாக மாற்றுகின்றது. மண்ணில் நிகழும் இச்செயலுக்குக் காரணமான நுண்ணுயிர்களை சேர்ஜி வினோகிராட்ஸ்கி என்னும் விஞ்ஞானி 1890 ஆம் ஆண்டளவில் பிரித்தெடுத்துக் காட்டினார். இந்நுண்ணுயிர்கள் வடிகட்டியின் பஞ்சிலும் வளையங்களிலும் ஒட்டி வாழ்கின்றன. புதிய தொட்டியில் அவை நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். குழாய்நீரிலுள்ள குளோரீனோ அவற்றை ஒரு சில நிமிடங்களில் அழிக்கக்கூடியது. நான் அழுக்கு என்று எண்ணிக் கழுவி ஊற்றியது மீன்களின் உயிர்க்காப்பையே.

ஆகவே வாசகர்களுக்கு நான் வலியுறுத்த விரும்புவது இதுதான்: முதலில் வடிகட்டிக்குப் பணத்தை ஒதுக்குங்கள், எஞ்சியதில் தொட்டியைத் தெரிவு செய்யுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லீற்றர் கணக்கு வந்துவிடும். 120, 45, 50 என்ற அளவுகொண்ட தொட்டி 270 லீற்றர் கொள்ளும். மணிக்கு நான்கு முதல் ஆறு தடவை அவ்வளவு நீரும் வடிகட்டியூடாகச் செல்லவேண்டும் என்பது மீன் வளர்ப்போரின் பொதுக்கணக்கு. அதாவது 1,100 முதல் 1,600 லீற்றர் வரை. பெட்டியில் அச்சிடப்படும் எண்ணோ பெரும்பாலும் பஞ்சும் வளையமும் இல்லாத வெற்றுப் பம்பியின் வேகம். பஞ்சு நிறைந்து, நீரும் மேலேறவேண்டியிருக்கும்போது அது கணிசமாகக் குறையும். ஒஸ்கார்போன்று பெரிதாய் உண்டு பெரிதாய்க் கழிக்கும் மீன்களுக்கு ஒருபடி கூடுதலான வடிகட்டியே பொருத்தம்.

விலையுயர்ந்த வளையங்கள்தான் வேண்டும் என்பதும் இல்லை. பற்றீரியாவுக்குத் தேவை ஒட்டிக்கொள்ள இடமும் ஒட்சிசனும் மாத்திரமே. சவர்க்காரம் கலவாத, பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்ரிக் நாரும் அப்பணியைச் செய்யும். நீர் முதலில் தடித்த பஞ்சையும், பின்னர் மென்பஞ்சையும், இறுதியில் வளையங்களையும் கடக்குமாறு அடுக்குவதே முறை.

பராமரிப்பிலும் அவசரம் ஆகாது. தொட்டியிலிருந்து இறைத்த நீரை வாளியில் எடுத்து, அதிலேயே பஞ்சைப் பிழிந்தெடுத்தால் போதும். எல்லாவற்றையும் ஒரே நாளில் கழுவலாகாது. இம்மாதம் பஞ்சு என்றால் வளையங்கள் பிறிதொரு மாதம். பம்பியின் சுழலியையும் குழாய்களையும் இடைக்கிடை துடைக்கவேண்டும். நல்ல வடிகட்டி இருப்பதால் நீர் மாற்றத் தேவையில்லை என்ற வாதமும் தவறு. நைத்திரேற்றை வெளியேற்ற வாரந்தோறும் கால்பங்கு நீரையேனும் மாற்றவேண்டும். புதிய நீரின் குளோரீனை அதற்குரிய மருந்திட்டு நீக்கியபின்னரே ஊற்றவேண்டும்.

எம் நாட்டவர் மறக்கக்கூடாத இன்னொன்று மின்வெட்டு. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. மூடிய கனிஸ்ரர் வடிகட்டியினுள் நீரோட்டம் நின்றால் சில மணித்தியாலங்களில் ஒட்சிசன் தீர்ந்து, பற்றீரியாக்கள் மடியத் தொடங்கும். மின்சாரம் வந்ததும் அந்த நாற்றநீர் நேரே தொட்டிக்குள் பாயும். நீண்டநேரம் மின்தடை நீடித்தால் வடிகட்டியைத் திறந்து, வளையங்களை ஈரத்துடன் காற்றுப்பட வைத்து, தொட்டிநீரில் அலசியபின்னரே இயக்கவேண்டும். என் வீட்டில் இப்போது கனிஸ்ரருடன், மின்கலத்தில் இயங்கும் காற்றுப்பம்பியுடன் இணைத்த பஞ்சு வடிகட்டியும் உண்டு. ஒன்று நின்றாலும் மற்றது மூச்சுக் கொடுக்கும்.

அன்று எஞ்சிய மூன்றாவது ஒஸ்காரை நாள்தோறும் நீர் மாற்றிக் காப்பாற்றினோம். அதன்பின்னும் நான்கு வருடங்கள் உயிர்வாழ்ந்தது. எனினும் தனித்துப்போன அந்த மீன் கண்ணாடியருகே வருவதைக் குறைத்துக்கொண்டது. "உங்களுக்கு விருந்தாட்கள்தானே பெரிசு" என்று மனைவி ஒருமுறை சொன்னதற்கு இன்றுவரை என்னிடம் மறுமொழி இல்லை.

நண்பரிடம் இவை யாவற்றையும் கூறினேன். பீடத்தின் விலையில் கால்பங்கு போதும் என்றும் சொன்னேன். வரும் ஞாயிற்றுக்கிழமை இருவரும் கடைக்குச் செல்வதாக இருக்கின்றோம்.