கழுத்தில் தொங்காத பலகை

போன வருடம் ஒக்கினாவாவுக்கு நாலு நாள் போய் வந்தேன். படங்களைப் புலனக் குழுவில் போட்டதும் கூட்டாளி ஒருவன் எழுதினான்: “ஜப்பான்காரன் எவ்ளோ அழகா கலாச்சாரத்தைக் காப்பாத்தி வச்சிருக்கான் பாரு. நம்ம மலாக்கா செட்டிங்க தமிழையே மறந்துட்டாங்க.” இதில் இரண்டு பிழைகள் இருக்கின்றன.

முதலாவது, அது ஜப்பான் காப்பாற்றிய கலாச்சாரம் இல்லை. ரியூக்யு தீவுகள் தனி அரசாக இருந்தவை. 15ஆம் நூற்றாண்டில் அவர்களுடைய கப்பல்கள் மலாக்காவுக்கே வந்தன. அவர்களின் மன்னர் நம் சுல்தானுக்கு எழுதிய கடிதங்கள் ‘ரெகிடாய் ஹோஆன்’ ஆவணத் தொகுப்பில் உள்ளன. போர்த்துகீசியர் தோமே பிரெஸ் 1512க்குப் பிறகு மலாக்காவில் இருந்தபோது எழுதிய நூலில் அவர்களும் வருகிறார்கள், ‘கிளிங்’ என்று அவர் குறிப்பிடும் நம் வணிகர்களும் வருகிறார்கள்.

1879இல் ஜப்பான் அந்த அரசைக் கலைத்துத் தன்னோடு இணைத்துக்கொண்டது. 20ஆம் நூற்றாண்டில், பள்ளியில் சொந்த மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் ‘ஹோகென் ஃபுடா’ என்ற பலகையை மாட்டினார்கள். இன்னொரு பிள்ளை அதே மொழியைப் பேசி மாட்டிக்கொள்ளும்வரை இவன் அதைச் சுமக்க வேண்டும். வாத்தியார் காவல் இருக்கவே வேண்டாம், பிள்ளைகளே ஒருவரை ஒருவர் வேவு பார்த்தார்கள். 1945 போரில், அந்த மொழி பேசுகிறவர்களை உளவாளிகளாகக் கருதித் தண்டிக்கச் சொல்லி ஜப்பானிய ராணுவம் உத்தரவே போட்டது. 2009இல் யுனெஸ்கோ ரியூக்யு மொழிகள் ஆறை அழியும் ஆபத்தில் உள்ளவையாகப் பட்டியலிட்டது.

நாஹா கடைத்தெருவில் சன்ஷின் வாத்தியமும் ஷீசா சிங்கப் பொம்மையும் தாராளமாகக் கிடைக்கின்றன. கடைக்காரப் பெண்ணிடம் கைப்பேசியில் மொழிபெயர்த்துக் கேட்டேன்: உங்கள் மொழி பேசுவீர்களா? பாட்டி பேசுவார், எனக்குக் கொஞ்சம் புரியும் என்றாள்.

இரண்டாவது பிழை, ‘மறந்துட்டாங்க’. செட்டிகள் சுல்தான் காலத்து வணிகர்களின் வழிவந்தவர்கள். உள்ளூர்ப் பெண்களை மணந்தார்கள், தலைமுறைகளில் வீட்டுமொழி மலாய் ஆயிற்று. ஆனாலும் ஜாலான் துக்காங் எமாஸில் 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அவர்களுடையது. பொங்கலுக்கு முந்தின நாள் காஜா பேராங்கில் முன்னோருக்கு இலை போட்டுப் ‘பார்ச்சு’ படைக்கிறார்கள். நம் தோட்டத்து மக்களைக் கங்காணிகள் கொண்டுவரும் முன்பே அவர்கள் இங்கே வேரூன்றிவிட்டார்கள். நாம் செய்வதெல்லாம் திருவிழாவில் அவர்களைப் படமெடுப்பதும், பிறகு இளக்காரம் பேசுவதும்தான்.

“அப்போ மொழி இல்லாட்டியும் பண்பாடு நிக்கும்தானே?” என்று கெட்டிக்காரர்கள் கேட்பார்கள். செட்டிகளுக்குக் கம்பம் இருந்தது, கோயில் இருந்தது, பக்கத்து வீட்டில் சொந்தம் இருந்தது. நமக்கு? தாத்தா பால்மரம் வெட்டிய தோட்டம் இப்போது தாமான். லயத்தை இடித்தாயிற்று. சாமியைத் தூக்கிக்கொண்டு போய் வேறு இடத்தில் வைத்தாயிற்று. லயத்துச் சனங்கள் ஆளுக்கொரு தாமானில் சிதறிவிட்டார்கள். இடம் போனவனுக்குக் கையோடு கொண்டுபோக இருப்பது பேச்சுதான். அதையும் நாமே கீழே போடுகிறோம்.

நானும் போட்டவன்தான். முதல் வேலையில் குடும்பத்தோடு வரச்சொல்லி ஒரு விருந்து. அம்மா பக்கத்து மேசைவரை கேட்கும்படி, “தம்பி, இந்த மீனு நல்லாருக்குடா” என்றார். “மெதுவா பேசும்மா, எல்லாரும் பாக்குறாங்க” என்றேன். அப்புறம் விருந்து முடியும்வரை அம்மா வாயே திறக்கவில்லை. எந்த அரசாங்கமும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. பலகையை நானே செய்து அம்மா கழுத்தில் மாட்டினேன்.

கூட்டாளிக்கு நாலு வயதில் ஒரு மகள். அவளிடம் அவன் பேசுவது முழுக்க ஆங்கிலம். அரசாங்கத் தமிழ்ப்பள்ளி கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

செட்டிகளைப் பற்றி அப்புறம் பேசலாம்டா. இன்னிக்கு ராத்திரி, “சோறு வேணுமா கண்ணு”ன்னு அவகிட்ட தமிழ்ல கேளு. அவள் என்ன பதில் சொன்னாள் என்பதைக் குழுவில் போடு.