தாத்தா வாட்ச் பேசுற ஃபிரெஞ்சு!

இந்த வாரம் காரைக்காலில் இருந்து ஒரு லெட்டர். எழுதினவங்க செகண்ட் இயர் படிக்கிற ஒரு தோழி. 'பேர் போடாதீங்க, வீட்ல மாட்டிக்குவேன்'னு கண்டிஷன் வேற!

'எங்க தாத்தா சைகோன்ல ஃபிரெஞ்சு கவர்மென்ட் வேலை பார்த்துட்டு ஊர் திரும்பினவர். அவர் கட்டியிருந்த வாட்ச் இப்ப எங்க வீட்டு பீரோவுல கிடக்கு. சாவி கொடுத்தா ஓடுது, பத்து நிமிஷத்துல நின்னுடுது. டயல்ல மஞ்சளா கறை. அப்பா, டயலை மாத்தி பாலீஷ் போட்டா புதுசாயிடும்ங்கறாங்க. சித்தப்பாவோ, கேஸ் தங்கம் மாதிரி இருக்கு, எடைக்குப் போட்டுடலாம்ங்கறாங்க. எனக்கு அதைக் கட்டிக்கிட்டு காலேஜ் போகணும்னு ஆசை. அது நிஜமான சுவிஸ் வாட்ச்தானான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?'

தோழி, முதல்ல அப்பா, சித்தப்பா ரெண்டு பேர்கிட்டேயும் ஒரு வாரம் டைம் வாங்குங்க. ரெண்டுமே திரும்பி வர முடியாத வேலை. புது டயல் போட்டுட்டா பழசு போச்சு. உருக்கிட்டா... கேட்கவே வேண்டாம்.

உங்க ஊர் பீரோக்களில் சுவிஸ் வாட்ச் கிடைக்கிறதுல ஆச்சரியமே இல்லை. 1739ல் ஃபிரெஞ்சுக்காரங்க கைக்குப் போன காரைக்கால், 1954 நவம்பர் 1 அன்னிக்குத்தான் இந்தியா வசம் வந்தது. சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்ட் 16. ஒரு பக்கம் கடல், மத்த மூணு பக்கமும் தஞ்சாவூர் ஜில்லா, நடுவுல ஃபிரெஞ்சு சர்க்கார்! புதுச்சேரியில இருந்தும் காரைக்காலில இருந்தும் சைகோனுக்கு வேலைக்கும் வியாபாரத்துக்கும் போனவங்க ஏராளம். லீவுக்கு வந்தா கையில ஒரு வாட்ச் மின்னும். இந்தியப் பக்கத்துல நிலைமை வேற. 1962ஆம் வருஷத்து சுங்கச் சட்டத்தை எடுத்து 123வது பிரிவைப் பாருங்க. கடத்தல் பொருள்னு சந்தேகப்பட்டு அதிகாரிங்க பிடிச்சா, அப்படி இல்லேன்னு வெச்சிருக்கிறவரே நிரூபிக்கணும். எந்தெந்தப் பொருளுக்கு? தங்கத்துக்கு அடுத்தபடியா சட்டமே எழுதி வெச்சிருக்கிற பேர்... வாட்ச்! அவ்வளவு மவுசு. லா காலேஜ் மக்கள் இதை வைவாவுல எடுத்து விடலாம்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

1950, 60களில் கோட்டு கஃப்புக்கு உள்ளே அடங்குற மாதிரி செஞ்ச ஒல்லி வாட்ச்சைத்தான் 'டிரஸ் வாட்ச்'னு சொல்றாங்க. வட்ட முகம், ரெண்டு முள், அதிகம் போனா ஒரு செகண்ட் முள், தோல் ஸ்ட்ராப். தேதி, கிழமை எதுவும் இருக்காது பெரும்பாலும். குறுக்களவு 33ல இருந்து 35 மில்லிமீட்டர். இன்னிக்கு ஷோரூம்ல லேடீஸ் பக்கம் இருக்கிற சைஸ்! அதனால தோழி, தாத்தா வாட்ச் உங்க கைக்குக் கச்சிதமா உட்காரும். பசங்க கட்டினா 'என்னடா அக்கா வாட்ச்சா?'ன்னு நாலு பேர் கேட்பாங்க. கேட்கட்டும்.

முதல் சோதனை, கையில லென்ஸோட. டயல்ல 6 மணிக்குக் கீழே, விளிம்பை ஒட்டி எறும்பு சைஸ் எழுத்தில 'ஸ்விஸ்' அல்லது 'ஸ்விஸ் மேட்'னு இருக்கணும். ஃபிரெஞ்சு மார்க்கெட்டுக்குப் போன சிலதில 'ஃபேப் சுயிஸ்'னு இருக்கும். 'ஸ்விஸ்' வார்த்தைக்கு ரெண்டு பக்கமும் 'டி' எழுத்து நின்னா, இருட்டில ஒளிர டிரிட்டியம் பூசியிருக்குன்னு அர்த்தம், 60களுக்கு அப்புறம் வந்த டயல். அதுக்கு முந்தின ஒளிரும் டயல்களில் பூசினது ரேடியம். இப்ப ஒளிராது, ஆனா கதிர்வீச்சு போகலை. ரேடியத்தோட அரை ஆயுளே 1,600 வருஷம்! ஸோ, முள்ளையோ நம்பரையோ நகத்தால சுரண்டிப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம்.

அடுத்து காதும் கண்ணும். குவார்ட்ஸ் வாட்ச்ல செகண்ட் முள் செகண்டுக்கு ஒரு குதி குதிக்கும். அந்தக் காலத்து சாவி வாட்ச் பெரும்பாலும் மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது செகண்டுக்கு அஞ்சு. முள் நழுவிப் போற மாதிரி தெரியும். ராத்திரி தலையணைக்குக் கீழே வெச்சுக் கேட்டுப் பாருங்க, தூக்கம் வந்துடும்!

நிஜமான விஷயமெல்லாம் பின்மூடிக்கு உள்ளேதான் இருக்கு. அதை நீங்களே கத்தியால நெம்பாதீங்க ப்ளீஸ். வயசான வாட்ச் ரிப்பேர்காரர் ஒருத்தர்கிட்ட போங்க. 'சும்மா பின்னாடி மட்டும் திறந்து காட்டுங்க ஐயா'ன்னு கேட்டா, டீக்காசு கூட வாங்காம திறந்து காட்டுறவங்க இன்னும் இருக்காங்க.

திறந்தவுடனே உள்ள ஃபிரெஞ்சு பேசும். சுவிட்சர்லாந்தில வாட்ச் தொழில் நடந்த ஜூரா மலைப்பக்கம் பெரும்பாலும் ஃபிரெஞ்சு பேசுற ஊர்கள். 'அசியே இநாக்சிதாப்ள்'னா துரு ஏறாத ஸ்டீல். முன்னாடி 'ஃபோன்'னு ஒரு வார்த்தை இருந்தா, பின்மூடி மட்டும்தான் ஸ்டீல்னு அர்த்தம். மத்தது வேற உலோகத்து மேல முலாம். 'ரூபி'ன்னா கல். பதினேழு ரூபின்னா, பல்சக்கரங்களோட அச்சு தேயாம இருக்க 17 இடத்துல செயற்கை மாணிக்கக் கல் பதிச்சிருக்குன்னு அர்த்தம். நகைக்கடை கல் இல்லை, விலையும் கிடையாது. 'எத்தான்ஷ்'னா தண்ணி புகாது. அது அறுபது வருஷத்துக்கு முந்தின உறுதிமொழி! ரப்பர் வளையம் எப்பவோ கருவாடாகியிருக்கும். காரைக்கால் பீச்சுக்கு அதைக் கட்டிக்கிட்டுப் போய் அலையில கால் நனைக்கிறப்ப கை நனையாம பார்த்துக்கோங்க. உங்க தெருவுல ஃபிரெஞ்சு பென்ஷன் வாங்குற வீடு ஏதாவது இருந்தா, அங்கே இருக்கிற பெரியவங்ககிட்ட இந்த வார்த்தைகளைப் படிச்சுக் காட்டச் சொல்லுங்க. என் உச்சரிப்பை விட நல்லா இருக்கும்.

இப்ப சித்தப்பா மேட்டர். 'ப்ளாக்கே ஓர் 20 மைக்ரான்'னு இருந்தா அது தங்க முலாம். ஒரு மில்லிமீட்டர்ல அம்பதுல ஒரு பங்குதான் தடிமன். உருக்கினா சித்தப்பாவுக்கு பஸ் சார்ஜ் மிஞ்சுமான்னு சந்தேகம். நிஜத் தங்கம்னா 0.750 (18 காரட்) அல்லது 0.585 (14 காரட்) எண் இருக்கும். கூடவே சுவிஸ் முத்திரை. 18 காரட்டுக்கு ஹெல்வெட்டியாங்கிற பெண்ணோட தலை, 14 காரட்டுக்கு அணில். ஃபிரான்ஸுக்கு இறக்குமதியான தங்கம்னா ஒரு குட்டி ஆந்தையும் உட்கார்ந்திருக்கும். முத்திரை இருந்தாலும் எடைக்குப் போடாதீங்க. தராசுல கேஸ் மட்டும்தான் ஏறும், மெஷின் குப்பைக்குப் போகும். எத்தனையோ நல்ல மெஷின்கள் இப்படித்தான் தொலைஞ்சது. எனக்கு இதுதான் தாங்க முடியாத கோபம்.

மெஷின்ல பேர் தேடுங்க. டயல், கேஸ், மெஷின் மூணுலயும் ஒரே கம்பெனி பேர் இருந்தா ஜாக்பாட். ஆனா மெஷின்ல வேற பேர் இருந்தா உடனே 'டூப்ளிகேட்'னு அழுதுடாதீங்க. சுவிஸ்ல பாதி கம்பெனிகள் மெஷினை வெளியில வாங்கித்தான் போட்டாங்க. ஈட்டா, ஏ.எஸ்., எஃப்.ஹெச்.எஃப்., பெஸோ, யூனிட்டாஸ் இதெல்லாம் மெஷின் செஞ்சு கொடுத்த கம்பெனிகள். பேலன்ஸ் வீலுக்குக் கீழே ஒளிஞ்சு நிக்கிற சின்ன முத்திரையில தெரியும். பேலன்ஸ் வீலோட நடுவுல யாழ் வடிவத்துல தங்க நிற ஸ்பிரிங் இருந்தா அது 'இன்காப்ளாக்', கீழே விழுந்தா அதிர்ச்சி தாங்குற ஏற்பாடு. 1934ல வந்தது. ஒமேகாவா? அந்தக் காலத்து ஒமேகா மெஷின் செம்பு நிறத்துல ஜொலிக்கும், ஒரு தடவை பார்த்தா மறக்காது. லாஞ்சின்ஸ் கம்பெனி பழைய பதிவேடுகளை இன்னும் பத்திரமா வெச்சிருக்கு. மெஷின் மேல இருக்கிற நம்பரை வெச்சு வருஷம் சொல்லிடலாம்.

நம்ம ஊர்ல அதிகம் கண்ணுல படுறது ஃபேவர் லூபா (தாத்தாக்கள் உச்சரிப்பு அதுதான்!), வெஸ்ட் எண்ட், ரோமர், சாண்டோஸ், கேமி, டிட்டோனி. ஃபேவர் லூபா 1865ல் இருந்தே இந்தியாவுக்கு வாட்ச் விற்ற கம்பெனி. 2011ல டைட்டன் அதை வாங்கியது, பிறகு அதுவும் கைமாறியது. டயல்ல 'பி.ஆர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்'னு இருந்தா, அது மவுன்ட் ரோடு கடைக்காக சுவிஸ்ல செஞ்சு கொடுத்தது.

இனி அப்பா மேட்டர், அதாவது புது டயல். நெட்ல பழைய சுவிஸ் வாட்ச்னு தேடினா பளிச்சுனு ஆரஞ்சு, நீலம், கிளிப்பச்சை டயலோட வரிசையா வரும். உலகம் முழுக்க சேகரிக்கிறவங்க இதுக்கு வெச்சிருக்கிற பேரே 'மும்பை ஸ்பெஷல்'. பழைய டயலைச் சுரண்டி மறுபடி பெயின்ட் அடிச்சு, கிடைச்ச மெஷினை உள்ளே போட்டு அனுப்பறது. கண்டுபிடிக்கிறது ஈஸி. எழுத்து தடியா, ஓரம் பிசிறா இருக்கும். 'ஸ்விஸ் மேட்' கோணலா இருக்கும், இல்லேன்னா அந்த வரியே காணோம். மணிக்கோடும் நிமிஷப்புள்ளியும் நேரா சந்திக்காது. அறுபது வருஷ கேஸ்ல நேத்து பூத்த டயல்னா நம்பாதீங்க. பாக்கெட் மணியை மூணு மாசம் சேர்த்து இதுல விடுற பசங்களைப் பார்க்கிறப்ப பாவமா இருக்கு.

அதனால அப்பாகிட்ட சொல்லுங்க: அந்த மஞ்சள் கறைதான் வாட்ச் ஒரிஜினல்ங்கறதுக்கு முக்கியமான சாட்சி. சேகரிக்கிறவங்க கறை படிஞ்ச ஒரிஜினல் டயலுக்குத்தான் காசு கொடுப்பாங்க. மெஷினை பாகம் பாகமாப் பிரிச்சு, கழுவி, எண்ணெய் போடச் சொல்லுங்க. டயல் கிட்டயே போகக் கூடாது, கேஸுக்கு பாலீஷ் கூடாது, கழற்றின எந்தப் பாகமும் உங்க கைக்குத் திரும்பி வரணும். இதை பில்லுல எழுதி வாங்குங்க. நிக்குற காரணம் பெரும்பாலும் காய்ஞ்சு போன எண்ணெய்தான். அதுவரைக்கும் தினமும் சாவி கொடுத்து ஓட்டிப் பார்க்காதீங்க, எண்ணெய் இல்லாம அச்சு தேயும். 'ஓவரா சாவி கொடுத்துட்டாங்க, அதான் போச்சு'ன்னு பாட்டி சொன்னா சிரிச்சுக்கிட்டே கேட்டுக்கோங்க. முழுசா முறுக்கி நின்னா அது ஃபுல் சாவி, அவ்வளவுதான்.

தாத்தா வாட்ச் இல்லாத மத்த மக்களுக்கு: புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல கண்ணை ஓட்டுங்க, ஆனா பின்மூடியைத் திறந்து காட்டாத ஆள்கிட்ட வாங்காதீங்க. எடுத்தவுடனே சுவிஸ்ல இறங்காம ஹெச்.எம்.டி. ஜனதால ஆரம்பிக்கலாம்னு நான் சொல்வேன். ஜப்பானோட சிட்டிசன் உதவியில 1961ல ஆரம்பிச்ச தொழிற்சாலை, 2016ல மூடிட்டாங்க. அதே 17 கல், அதே சாவி. சர்வீஸ் பண்ணத் தெரிஞ்சவங்க இன்னும் கிடைக்கிறாங்க.

கடைசியா ஒண்ணு, தோழி. பின்மூடியோட உள்பக்கத்தை வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க. ஊசியால கீறின மாதிரி பொடிப்பொடி எழுத்து, நம்பர் தெரியலாம். ஒவ்வொரு தடவை சர்வீஸ் பண்றப்பவும் ரிப்பேர்காரங்க தங்களோட அடையாளத்தைக் கீறி வைப்பாங்க, சில பேர் தேதியும் போடுவாங்க. அதை போட்டோ எடுத்துட்டு, வீட்ல வயசுல பெரிய அத்தையோ பாட்டியோ யார் இருந்தாலும் பக்கத்துல உட்கார்ந்து கேளுங்க: எங்கே வாங்கினது, எந்த வருஷம், எந்தெந்த விசேஷத்துக்குக் கட்டினார்? அப்படியே ஒரு நோட்டுல எழுதுங்க. கழற்றின பழைய ஸ்ட்ராப்பையும் அந்த நோட்டோடயே ஒரு டப்பாவுல போட்டு வைங்க, ஷூ வாங்கினப்ப வந்த சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட. உங்க ஊர் உப்புக்காத்து பொல்லாதது!

(அடுத்த வாரம்: இங்க் பேனா லீக் ஆகுதுன்னு ஏழு பேர் எழுதியிருக்கீங்க. வர்றேன்!)