டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதாதவை

உடற்பருமனைக் குறைப்பதற்காக வயிற்றைத் திறந்து செய்யப்படும் அறுவைச் சிகிச்சையைப் பற்றி நம் துறையார் எழுதியவற்றை ஒருசேர வாசிப்பவருக்கு, நோயாளி மேஜையில் கிடத்தப்பட்டது முதல் வார்டை விட்டு நடந்து போனது வரை நிகழ்ந்த ஒவ்வொன்றும், தையலுக்கு எடுத்த நூலின் பருமன் உட்பட, துல்லியமாகத் தெரியவரும். அதற்குப் பிறகு அவர் எந்த ஊருக்குப் போனார், எதில் படுத்து எழுந்தார், எந்த வேலைக்குத் திரும்பினார் என்பது பெரும்பாலும் தெரியவராது. பின்னதை அறியாமல் முன்னதைச் செய்து முடிப்பதில் அபாயம் உண்டு என்பதையும், அவ்வபாயத்தில் பாதி நாம் எழுதிக் கொடுக்கும் ஒரு சீட்டினால் நீங்கக்கூடியது என்பதையும் இவ்வுரையில் சொல்ல விரும்புகிறோம்.

இச்சிகிச்சை தோன்றிய காலத்தில் வயிற்றைத் திறப்பதைத் தவிர வேறு மார்க்கம் இருக்கவில்லை. 1954-இல் மின்னசோட்டாவில் கிரெமனும் லின்னரும் சிறுகுடலின் பெரும்பகுதியை ஒதுக்கி இணைக்கும் முறையை வெளியிட்டதும், 1966-இல் அயோவாவில் எட்வர்டு மேசன் இரைப்பையையே சிறிதாகப் பிரித்துக் குடலோடு இணைத்ததும், விட்குரோவ், கிளார்க் என்னும் இருவர் 1993-இல் அதே காரியத்தை லேப்ராஸ்கோப் வழியாகச் செய்து காட்டியதும் மாணவர்களும் அறிந்த வரலாறு. ஆனால் இச்சிகிச்சை ஆயுளை நீட்டிக்கிறது என்பதற்கு இன்றளவும் நாம் முதல் சாட்சியாகக் காட்டும் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியில், 1987 முதல் சேர்க்கப்பட்டவர்களுக்கு நடந்த அறுவைகளில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது வயிற்றைத் திறந்தே செய்யப்பட்டவை என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. இன்று பெருநகரங்களில் திறந்த முறை அருகிவிட்டது. எனினும் முன்பு நடந்த அறுவைகளால் உள்ளே ஒட்டுகள் மிகுந்தவருக்கும், ஒருமுறை செய்ததைத் திருத்தவேண்டியவருக்கும், லேப்ராஸ்கோப்பில் தொடங்கி இடையில் இரத்தப் பெருக்கோ வேறு இடையூறோ நேர்ந்தவருக்கும் வயிற்றைத் திறந்தேயாகவேண்டும். அவர்கள் தொகை சிறிதுதான். ஆனால் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40.4 பேரும் ஆண்களில் 37 பேரும் மிகை எடையினர் என்று கண்ட பிறகு, அச்சிறு தொகை சிறியதாகவே இருந்துவிடும் என்று நம்புவதற்கு ஆதாரமில்லை.

இரு முறைகளையும் ஒப்பிட்டுக் கலிபோர்னியாவில் 155 நோயாளிகளிடம் நடத்தி, 2001-இல் நுயென் குழுவினர் வெளியிட்ட ஆராய்ச்சியை இங்கே குறிப்பிடவேண்டும். வீட்டின் அன்றாடக் காரியங்களுக்குத் திரும்ப லேப்ராஸ்கோப் முறையில் சராசரியாக 8 நாளும், திறந்த முறையில் 18 நாளும் பிடித்தன. பிழைப்புக்கான வேலைக்குத் திரும்ப முறையே 32 நாளும் 46 நாளும் ஆயின. திறந்த முறையில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குக் காயம் சீழ்ப்பிடித்தது. ஏறத்தாழ எட்டுப் பேருக்குத் தையல் போட்ட இடத்திலேயே பின்னர் ஹெர்னியா கண்டது. இந்த 46 நாள் என்னும் கணக்கை நாமும் நம் சீட்டுகளில் 'ஆறு வாரம் ஓய்வு' என்று எழுதி வருகிறோம். எந்த வேலையிலிருந்து ஓய்வு என்று கேட்பாரில்லை.

உத்தமபாளையம் வட்டத்தில் மலையடிவாரத்தில் இருக்கும் பொட்டிப்புரத்தின் பெயர், அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை இசைவு தந்தது முதலாகப் பௌதிக சாஸ்திரிகளின் ஏடுகளிலும் வழக்குமன்றங்களிலும் அடிபட்டு வருகிறது. வைத்திய ஏட்டில் அதைக் காண வாசகர்கள் எதிர்பார்த்திருக்கமாட்டார்கள். நம் வார்டிலிருந்து வீடு திரும்பும் ஒரு பெண் இத்தகைய ஊருக்குத்தான் திரும்புகிறாள் என்பதற்காகவே அப்பெயரை எடுத்துக்கொண்டோம். கம்பம் பள்ளத்தாக்கின் இப்பகுதிகளிலிருந்து கூலிப் பெண்கள் விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, மலைப்பாதையின் வளைவுகளில் குலுங்கிக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய், பொழுது சாய்ந்து திரும்புகிறார்கள். திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்பவள் பந்தலின் கீழ் நின்று இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்திப் பல மணி நேரம் கொத்து வெட்டுகிறாள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சை அவ்வாறுதான் கூடைக்கு வருகிறது. மேல் வயிற்றின் நடுக்கோட்டில் தையலுள்ள ஒருத்தி கைகளை அப்படி உயர்த்தினால் இழுபடுவது எது என்பதை அறுவை வைத்தியருக்கு விளக்கவேண்டியதில்லை. ஆனால் 'கனம் தூக்கக்கூடாது' என்று அவளிடம் சொன்னவர், கையைத் தூக்குவதைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார். கொத்து கனமில்லாதது, ஆகவே அவள் பத்தியத்தை மீறியதாகவும் நினைக்கமாட்டாள்.

தசையுறை ஒட்டி வலுவடைவது நம் அவசரத்துக்கு நடப்பதன்று. முதல் வாரத்தின் முடிவில் ஆறிவரும் காயத்துக்கு இயற்கை வலுவில் நூற்றுக்கு மூன்று பங்குதான் உண்டு. மூன்றாம் வாரத்தில் இருபது பங்கு. மூன்று மாதம் சென்றபின் எண்பது பங்கு. முழு வலு ஒருபோதும் திரும்புவதில்லை. அதுவரை வயிற்றைத் தாங்கி நிற்பது தையல்தான். நெருக்கமாகச் சிறு சிறு தையலாகப் போட்டால் ஓராண்டில் ஹெர்னியா 21 விழுக்காட்டிலிருந்து 13 விழுக்காடாகக் குறைகிறது என்று டச்சு வைத்தியர்கள் 560 நோயாளிகளிடம் ஆராய்ந்து 2015-இல் அறிவித்ததை, அது பருமன் நோயாளிகளுக்கென்று நடந்ததன்று என்ற போதிலும், நம் அறுவை நண்பர்கள் ஏற்றுக்கொள்ளலாம். அவ்வளவு பொறுமையாகத் தைத்த வயிற்றை வீட்டில் சோதிக்கும் சந்தர்ப்பங்களோ பல. தரையில் பாய் விரித்துப் படுத்தவள் நேரே எழுந்து உட்காரும்போது வயிற்றுத் தசை முழுவதும் இறுகுகிறது. ஒருக்களித்துப் புரண்டு, முழங்கையை ஊன்றி எழுவதற்கு வார்டிலேயே பழக்கவேண்டும், ஒரு கயிற்றுக் கட்டிலாவது இரவல் வாங்கிக்கொள்ளச் சொல்லவேண்டும். நிறைந்த பிளாஸ்டிக் குடமொன்று பதினைந்து கிலோவுக்குக் குறையாது. அதை இடுப்பில் ஏற்றும்போது உடம்பு ஒருபுறம் முறுக்கிக்கொள்வதையும் கூட்டிக் கணக்கிடவேண்டும். உள்பாவாடை நாடா இன்னொன்று: தொப்புளருகில் முடியும் தையலின் கீழ்முனை மேலேயே அம்முடிச்சு வந்து விழுந்து, வேர்வையும் உராய்வுமாகப் புண்ணாக்கிவிடும். தளர்ந்த நைட்டியில் இருக்கும்படி ஒரு செவிலியர் சொல்லும் ஒரு வார்த்தை, ஒரு வாரத்து ஆண்டிபயாட்டிக் மாத்திரையை மிச்சப்படுத்தக்கூடும்.

காயத்தைப் பற்றிக் குடும்பத்தார் வைத்திருக்கும் சாஸ்திரம் வேறு. பருப்பும் முட்டையும் கருவாடும் தின்றால் புண் சீழ்ப்பிடிக்கும் என்ற நம்பிக்கை நம் மாவட்டங்களில் அறுவை நடந்த வீடுதோறும் உண்டு. ஆகையால் ரசமும் கஞ்சியுமே பத்தியமாகின்றன. நாள்தோறும் 60 கிராம் புரதமாவது சேரவேண்டிய காலத்தில், கைப்பிடியளவு இரைப்பைக்குள் போகும் ஆகாரம் முழுவதும் நீரும் மாவுமாக அமைந்துவிட்டால் காயமும் ஆறாது, தசையும் கரையும், மூன்றாம் மாதத்துக்குமேல் கொட்டத் தொடங்கும் தலைமயிரும் அதிகமாகக் கொட்டும். இந்நம்பிக்கையைப் பரிகசித்து யாரும் வென்றதில்லை. மசித்த பாசிப்பருப்பும் மோரும் மருந்தாகவே கொடுக்கப்படுகின்றன என்று மாமியாரிடம், நோயாளியிடம் அன்று, மாமியாரிடமே சொல்லுவதுதான் பயனளிக்கிறது. அடுப்பின் அதிகாரம் அங்கே இருக்கிறது.

இனிச் சொல்லப்போவதை ஊர்ப்புறத்தில் கிளினிக் வைத்திருக்கும் நண்பர்கள் ஊன்றிப் படிக்கவேண்டும். அறுவை நடந்து சில வாரங்களில் ஓயாமல் வாந்தி எடுத்து, நாக்குலர்ந்து, 'தெம்பே இல்லை' என்று ஒருத்தி வந்து உட்கார்ந்தால், நம் ஊர் வழக்கப்படி முதலில் ஏற்றப்படுவது ஒரு குளுகோஸ் பாட்டில். உடலில் தயமின் என்னும் உயிர்ச்சத்தின் சேமிப்பு இரண்டு மூன்று வாரங்களுக்குமேல் தாங்காது. வாந்தியால் அது வற்றிப்போன சரீரத்தில் குளுகோஸ் இறங்கினால், எஞ்சிய துளியும் செலவாகி, கண் அசைவு தடுமாறி, நடை தள்ளாடி, புத்தி மயங்கும் வெர்னிக்கே நோய் சில மணி நேரத்தில் தோன்றலாம். நினைவாற்றல் போனால் பலருக்குத் திரும்புவதில்லை. வெறும் உப்புநீர்ப் பாட்டிலைத் தொங்கவிட்டு, 200 மில்லிகிராமுக்குக் குறையாமல் தயமினைச் சிரைவழியே செலுத்தி, குளுகோஸை அதற்குப் பின்னரே நினைப்பது எந்தச் சிறு கிளினிக்கிலும் ஆகக்கூடிய காரியம். பழைய சென்னை ராஜதானியில், பச்சரிசியை ஆலையில் தீட்டி உண்ட வடசர்க்கார் மாவட்டங்களில் பெரிபெரி நோய் வேரூன்றியிருந்தபோது, புழுங்கலரிசி உண்ட தமிழ் ஜில்லாக்கள் பெரும்பாலும் தப்பியிருந்தன. 1936-இல் தயமினைச் செயற்கையாக ஆக்கிக் காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ் பிறந்ததும் அதே ராஜதானியின் நெல்லூரில்தான். இத்தனை உறவு இருந்தும், அந்த உயிர்ச்சத்தை நாம் மறந்து பாட்டிலை மாட்டுகிறோம்.

அவ்வளவு தெளிவாகக் கண்ணில் படாத ஆபத்து மற்றொன்று. குடல்வழி மாற்றிய சில நாட்களிலேயே நீரிழிவு நோயாளிகள் பலருக்குச் சர்க்கரை இறங்கிவிடுகிறது. இரத்த அழுத்தமும் எடையோடு சேர்ந்து தணிகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பயனாக, பழைய அளவு மாத்திரைகளோ மாதந்தவறாமல் வீட்டு வாசலுக்கே வந்து சேருகின்றன. திட்டத்தின் சிறப்பே இங்கு தீங்காகிறது. எவ்விடத்திலும் அலட்சியமில்லை; தன்னார்வலர் தம் பட்டியலின்படி கொடுக்கிறார், நோயாளி கொடுத்ததை விழுங்குகிறார், அரை இட்லிக்குமேல் இறங்காத வயிற்றோடு கிளிபென்கிளமைடு சாப்பிட்டவர் பின்னிரவில் வேர்த்து மயங்கிக் கிடக்கிறார். பட்டியலைத் திருத்தவேண்டியவர் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர். அவருக்கு அறுவை நடந்த செய்தியே போய்ச் சேரவில்லை.

முதல் பத்து நாட்களில் இணைப்பு கசிந்தால், பருத்த சரீரத்தில் வயிறு பலகையாக இறுகிக் காட்டாமல் போகலாம். நாடி மட்டும் நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டி நிற்கும். நாடி பார்க்கக் கிராம சுகாதாரச் செவிலியருக்கு ஸ்கேன் வேண்டியதில்லை, கடிகாரம் போதும். ஆனால் இந்த எண்ணைக் கண்டவுடன் அனுப்பவேண்டும் என்று யாராவது அவருக்குச் சொல்லியிருக்கவேண்டும். பொட்டிப்புரத்திலிருந்து புறப்பட்டால் தேனி நகரைத் தாண்டி, 2004 முதல் க.விலக்கில் நடந்துவரும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, அங்கும் முடியாதபோது மதுரைக்கோ போகவேண்டும். 'காலையில் பார்ப்போம்' என்னும் ஒரு சொல்லுக்கு அத்தொலைவில் இடமில்லை. அவசரமில்லாத மறு பரிசோதனைக்கு, போடியிலிருந்து மதுரைக்கு 2023 ஜூனில் திரும்பவும் ஓடத் தொடங்கிய ரயில் பேருந்தைவிட எவ்வளவோ மேல். எழுந்து நடக்க இடமிருப்பதால் காலில் இரத்தம் உறையும் அச்சமும் குறையும்.

ஊராரைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். மெலிந்து வந்தவளை 'என்ன சீக்கு?' என்று கேட்கும் தெருவும், வீரபாண்டித் திருவிழாவுக்கு வந்த உறவினர் நடுவே இரண்டு வாய்க்குமேல் உண்ணாமல் எழுந்தால் மனத்தாங்கலாக எடுத்துக்கொள்ளும் பந்தியும் நம் கைக்கு அப்பாற்பட்டவை. வற்புறுத்தலுக்கு இணங்கிப் பாயசம் குடித்தவளுக்கு அரைமணியில் படபடப்பும் வயிற்றுப்போக்கும் வரும் என்பதை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவைக்கலாம். முதல் ஒன்று ஒன்றரை ஆண்டு கருத்தரிக்கக்கூடாது என்பதைக் கணவனையும் வைத்துக்கொண்டு சொல்லவேண்டும். மூட்டுவலிக்கு வாங்கும் டைக்ளோபினாக் இனிமேல் ஆகாது என்பதையும், இரும்புச் சத்து மாத்திரையைக் காபியோடு விழுங்கினால் அது வீண் என்பதையும், பி12 ஆயுள் முழுவதும் தேவை என்பதையும், மருந்துக் கடைக்காரருக்கும் புரியும்படி தமிழில் எழுதித் தரவேண்டும்.

ஆகவே நண்பர்களிடம் நாம் கேட்பது ஒன்றே. டிஸ்சார்ஜ் சீட்டுக்கு இரண்டாவது பிரதியொன்றைத் தமிழில் எழுதி, நோயாளி ஊர்போய்ச் சேருமுன் அவ்வூர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் கிராம செவிலியருக்கும் சேர்ப்பியுங்கள். நிறுத்தவேண்டிய மாத்திரைகள், தயமினைப் பற்றிய எச்சரிக்கை, அபாயமான நாடி எண், கூப்பிடவேண்டிய தொலைபேசி எண் ஆகியவற்றோடு, நோயாளியிடமே விசாரித்து, அவர் செய்யும் வேலையின் பெயரையும் அதற்கு எந்தத் தேதிக்குப்பின் திரும்பலாம் என்பதையும் அதில் குறியுங்கள். குடம் தூக்குபவருக்கும் பந்தலில் கொத்து வெட்டுபவருக்கும் மூன்று மாதத்துக்குக் குறைந்த தேதியை எழுதவேண்டாம். அதற்குள் வேலைக்குப் போகாமல் அடுப்பெரியாது என்றால், உட்கார்ந்து தரம் பிரிக்கும் வேலை கிடைக்குமா என்று கேட்டு எழுதுங்கள். அடுத்த நோயாளியிலிருந்தே இதைத் தொடங்கலாம்.