உயரம் பார்ப்பதா, அழுத்தம் பார்ப்பதா?

மைசூர் ஜீப்காரர்களுக்கு இரண்டு விதமான சாலை வாய்த்திருக்கிறது. கிழக்கே, 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட 118 கி.மீ. பெங்களூர் நெடுஞ்சாலை. மேற்கே ஹுன்சூர், குஷால்நகர் தாண்டினால் குடகு. காபித் தோட்டத்துச் சேறும் மண்டல்பட்டி மேட்டின் கற்களும். நெடுஞ்சாலையில் வண்டி தரையோடு ஒட்டி ஓட வேண்டும். மேட்டிலோ வயிறு கல்லில் இடிக்காமல் எழும்ப வேண்டும். காலையில் ஒரு உயரம், மாலையில் ஒரு உயரம் என்ற இந்த ஆசைதான் தார், கூர்க்கா வைத்திருப்பவர்களில் சிலரை ஏர் சஸ்பென்ஷன் பக்கம் இழுக்கிறது.

சமாச்சாரம் எளிது. ஸ்பிரிங் இருந்த இடத்தில் ரப்பர் பை, அதில் காற்று. கூட்டினால் வண்டி எழும்பும், குறைத்தால் தாழும். காற்றைத் தர ஒரு கம்ப்ரஸர், சேமிக்க ஒரு டேங்க், திறந்து மூட வால்வுகள். எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று தீர்மானிக்கும் மூளைதான் கன்ட்ரோலர். பணம் போவதும் குழப்பம் வருவதும் அங்கேதான்.

முதல் வகை, பையில் எத்தனை பவுண்டு காற்று என்பதை மட்டும் பார்க்கும். அமெரிக்காவின் ஏர் லிஃப்ட் கம்பெனியின் 3பி இந்த ஜாதி. பொருத்துவது சுலபம், வெளியே துருத்திக்கொண்டிருக்கும் சென்ஸார் கிடையாது. ஆனால் அழுத்தம் வேறு, உயரம் வேறு. பின் சீட்டில் மூன்று பேர் ஏறி, பெட்டிகளையும் அடுக்கினால் வண்டி தாழும்; பை நசுங்குவதால் உள்ளே அழுத்தம் கூடும். குறித்த அழுத்தத்தைக் கறாராகக் காப்பாற்றும் கருவி இதைப் பார்த்து, "காற்று அதிகமாகிவிட்டது" என்று கொஞ்சம் வெளியே விட்டுவிடும்! தாழ்ந்த வண்டி இன்னும் தாழும். ஏற்றும் பாரத்துக்குத் தகுந்தபடி ஓட்டுபவரே பவுண்டைக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இரண்டாவது வகை உயரத்தை அளக்கும். ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் சிறு கையோடு ஒரு சென்ஸார். பாரம் ஏறினால் காற்றை ஏற்றி வண்டியைப் பழைய உயரத்துக்கே கொண்டுவரும். அக்யூஏர் ஈ-லெவல் இதில் பெயர் வாங்கியது. (அந்தக் கம்பெனி 2020இல் கடையைச் சாத்தியது. பின்னர் ஆர்னாட் வாங்கிக்கொண்டது. கடல் கடந்து உதிரி பாகம் தேடுபவர்கள் இதையும் மனதில் வைப்பது நல்லது.) தார்ச்சாலையில் இதற்கு நிகரில்லை. கற்பாதையில்தான் சிக்கல். ஒரு சக்கரம் குழியில் தொங்க, எதிர்மூலைச் சக்கரம் கல்லின்மேல் ஏறி நிற்கும். அது சஸ்பென்ஷன் தன் வேலையைச் செய்வதன் அடையாளம். அவசரக்காரக் கன்ட்ரோலர் அதைக் கோளாறு என்று எண்ணி ஒரு பையில் காற்றை இறைக்கும், இன்னொன்றில் விடும். சமதளம் வந்ததும் வண்டி கோணலாக நிற்கும். சேற்றிலும் குச்சியிலும் மாட்டி சென்ஸாரின் கை உடைந்தால் கேட்கவே வேண்டாம்.

இன்னொரு வில்லங்கம் கண்ணுக்குத் தெரியாது. சமையலறையில் நான்கு கால் மேசை ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். நான்கு காலும் தரையில் இருப்பதுபோலத்தான் தோன்றும். ஆனால் பாரம் முழுக்க எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டு கால்கள்மேல். உயரத்தை மட்டும் பார்க்கும் கருவி வண்டியையும் இந்த நிலையில் நிறுத்திவிடக்கூடும். அளவு நான்கு மூலையிலும் சரி, பிடிப்பு இரண்டு சக்கரத்தில்தான். பஸ் செய்கிறவர்களுக்கு இது பழைய பாடம். ஏர் சஸ்பென்ஷன் பஸ்களில் முன்னே ஒன்று, பின்னே இரண்டு என்று பெரும்பாலும் மூன்றே லெவல் வால்வுகள்தான். முக்காலி ஆடாது அல்லவா?

உயரம், அழுத்தம் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் மூன்றாவது வகை இதற்குத்தான் வந்தது. ஏர் லிஃப்டின் 3எச் ஒரு உதாரணம். விலையும் வயரிங்கும் அதிகம். என்றாலும் கரடுமுரடான பாதைக்கு வாங்குபவர் கடையில் கேட்க வேண்டியது, எவ்வளவு வேகமாக வண்டியைத் தூக்கும் என்பதல்ல. ஓடும்போது திருத்துவதை ஒரு பொத்தானில் நிறுத்த முடியுமா? வேகம் கூடினால் தானாகத் தாழுமா? இந்த இரண்டும்தான். உயர்த்திய நிலையிலேயே நெடுஞ்சாலையில் பறந்து, வளைவில் கவிழ்வதைவிட கல்லில் வயிறு இடிப்பது மேல்.

குடகு மழையையும் மறக்கக்கூடாது. ஈரக் காற்றை அழுத்தினால் டேங்கில் தண்ணீர் சேரும். அது வால்வைத் துருப்பிடிக்க வைக்கும். டிரையர் இல்லாத செட் எத்தனை மலிவாகக் கிடைத்தாலும் நஷ்டம்தான். 1990களின் ரேஞ்ச் ரோவர்களில் கம்பெனியே பொருத்திய ஏர் சஸ்பென்ஷனைக் கழற்றி எறிந்து, சாதாரணச் சுருள் ஸ்பிரிங் மாட்டிக்கொண்டவர்கள் வெளிநாடுகளில் ஏராளம். அதற்கென்றே தனி கிட் விற்கிறது.

இத்தனைக்கும் மேல் சட்டம். பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் தந்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமோ, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே என்கிறது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் குனிந்து பார்ப்பது வண்டியின் அடியைத்தான். ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுத்துமூலம் கேட்காமல் கிட் வாங்குவது, பெண் பார்க்காமலே மண்டபம் பிடிக்கிற கதை.

பாரம் ஏறும்போது பின்பக்கம் தாழ்வதுதான் தொல்லை என்றால், சுருள் ஸ்பிரிங்குக்குள் செருகும் சின்னப் பை போதும். கன்ட்ரோலரே வேண்டாம்; டயருக்குப் போல பெட்ரோல் பங்கில் காற்றடித்துக்கொள்ளலாம். அதற்கும் ஆர்.டி.ஓ.விடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது உத்தமம்.

மடிக்கேரியிலிருந்து மண்டல்பட்டிக்குச் சுற்றுலாக்காரர்களை ஏற்றிச்செல்லும் வாடகை ஜீப்களில் இது எதுவும் கிடையாது. பட்டை ஸ்பிரிங்தான். உள்ளே உட்கார்ந்தவர்களின் முதுகெலும்பு கணக்குக் கேட்கும். ஜீப் மேலே போய்ச் சேர்ந்துவிடும்.