பான்கேக்காம் பான்கேக்!

இந்த வருடம் தைப்பூசம் பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை வந்தது. மகன், மருமகள், பேத்தி, பேரன் நால்வரும் வெள்ளிக்கிழமை இரவே சென்னையிலிருந்து வந்துவிட்டார்கள். உள்ளூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். தைப்பூசத்தன்று சுற்றுவட்டார ஊர்ச் சாமிகளெல்லாம் புறப்பட்டு வந்து எங்கள் பெருநகர் செய்யாற்றில் கூடும். வெளியூரில் பிழைக்கப் போன பிள்ளைகள் பொங்கலுக்கு வராவிட்டாலும் அதற்கு வந்துவிடுவார்கள்.

நான் எழுத உட்கார்ந்தது திருவிழாவைப் பற்றியல்ல, அதற்கு முதல் நாள், சனிக்கிழமை காலையில் என் வீட்டுச் சமையற்கட்டில் நடந்ததைப் பற்றி. இரண்டு மாதமாக மனதில் கிடந்து உறுத்துகிறது. எழுதித் தீர்த்துவிடுகிறேன்.

கொல்லையில் ஒரு பூவன் தார் பழுத்திருந்தது. தார் பழுத்தால் ஒரே நேரத்தில் பழுக்கும். பத்து சீப்பை இரண்டு கிழங்கள் எப்படித் தின்று தீர்ப்பது? பிள்ளைகள் வருகிறார்கள் என்று என் மனைவி ஆசையாக விடியற்காலையிலேயே எழுந்து, கோதுமை மாவில் நான்கு பழத்தை மசித்து, வெல்லம் கரைத்து வடிகட்டி ஊற்றி, ஏலக்காய் தட்டிப் போட்டு, நெய் விட்டு வெல்ல தோசை சுட்டாள். வீடே மணந்தது. பேத்திக்குப் பத்து வயது. தட்டைப் பார்த்தாள். "இன்னா ஆயா இது, பிரவுனா இருக்கு? எனக்குப் பான்கேக்தான் வேணும்" என்றாள். அக்கா சொன்னதையே தம்பியும் சொன்னான்.

மருமகள் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். "பான்கேக் மிக்ஸ்". கூடவே ஒரு பாட்டில், அதில் பழுப்பாக ஒரு பாகு. பத்தே நிமிடம். பாலை ஊற்றிக் கலக்கி, உள்ளங்கை அகலத்தில் தடிதடியாக ஐந்தாறு சுட்டு, பாகை ஊற்றிக் கொடுத்தாள். பிள்ளைகள் சாப்பிட்டார்கள். வெல்ல தோசை அடுக்கு அப்படியே ஆறிப்போனது. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. மூடி வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். ஐம்பது வருடம் கூட இருந்தவன் நான். அவள் பேசாமல் போனால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

மருமகளைக் குறை சொல்லவில்லை. வேலைக்குப் போகிற பெண், காலையில் இரண்டு பிள்ளைகளைக் கிளப்ப வேண்டும். என் சண்டை அந்த டப்பாவோடு.

முப்பத்திரண்டு வருடம் புதுச்சேரி அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன். எந்தத் தாளைக் கண்டாலும் படிக்காமல் கையெழுத்துப் போடாத ஜாதி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தேன். உங்களில் பலருக்கு இந்த விதி தெரியாமலிருக்கலாம்: உணவுப் பொட்டலத்தில் சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாகத்தான் அச்சிட வேண்டும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் சட்டம் அது. ஆகவே முதலில் எது இருக்கிறதோ அதைத்தான் நீங்கள் காசு கொடுத்து வாங்குகிறீர்கள். இந்த டப்பாவில் முதலில் மைதா, அடுத்து சர்க்கரை. அப்புறம் ஆப்ப சோடா வகையறா, உப்பு, மணமூட்டி. முகப்பில் சிவப்புச் சிவப்பாக ஸ்ட்ராபெரி படம் போட்டிருந்தது. உள்ளே தேடித் தேடிப் பார்த்தேன், பழம் என்ற சொல்லே இல்லை.

பாட்டில் இன்னும் மோசம். "மேப்பிள் சுவை". உண்மையான மேப்பிள் பாகு கனடாவில், அதுவும் பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்தில்தான் அதிகம் எடுக்கிறார்கள். மரத்தில் துளை போட்டு வடிகிற நீரைச் சுமார் 40 லிட்டர் காய்ச்சினால் 1 லிட்டர் பாகு கிடைக்கும். நம் பனைமரத்துப் பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுப்பது மாதிரி பாடுபட்ட தொழில்தான். அதற்கு என் மரியாதை உண்டு. இந்தப் பாட்டிலில் இருந்ததோ சர்க்கரை, தண்ணீர், நிறம், மணம். மேப்பிள் மரத்தின் நிழல்கூட அதன்மேல் விழுந்ததில்லை. மைதாவையும் சர்க்கரையையும் சோடாவையும் மளிகைக் கடையில் தனித்தனியாக வாங்கினால் என்ன விலை என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். மகனிடம் சொன்னேன். "அப்பா, எல்லாத்துக்கும் கணக்கா?" என்றான். ஆமாம், எல்லாத்துக்கும் கணக்குத்தான். அந்தக் கணக்கில்தான் அவன் இன்ஜினீயர் ஆனான்.

உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சர்க்கரை பற்றி ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. வெளியிலிருந்து சேர்க்கிற சர்க்கரை, தேன், பாகு, பழச்சாறு எல்லாம் சேர்ந்து நாள் முழுவதற்கும் கிடைக்கும் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும், அதில் பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்கிறது. பெரியவர்களுக்கு அந்தப் பாதி சுமார் 25 கிராம், அதாவது ஆறு டீஸ்பூன். முழுப் பழத்தில் இருக்கும் இனிப்பை அந்தக் கணக்கில் அவர்கள் சேர்க்கவில்லை. நியாயமாகப் பேச வேண்டும் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: வெல்லம் அந்தக் கணக்கில் சேரும். "நாட்டு வெல்லம், ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லிக்கொண்டு கட்டி கட்டியாகப் போடுகிற நம்மவர்களுக்கும் இது பொருந்தும். என் மனைவிக்குச் சர்க்கரை நோய் பன்னிரண்டு வருடமாக இருக்கிறது. பழம் நன்றாகக் கனிந்திருந்தால் வெல்லம் பாதி போதும்.

இனி எதிர்க்கட்சிக்கு வருகிறேன். சனிக்கிழமை மாலை திண்ணையில் இதைச் சொன்னபோது, நண்பர் ஒருவர், என்னைவிட மூத்தவர், "வெள்ளைக்காரன் தோசை நமக்கெதுக்கு? பான்கேக்கே வேணாம்னு சொல்லிட்டுப் போவியா" என்றார். அங்கே எனக்கு உடன்பாடில்லை. சாம்பாருக்குப் போடும் மிளகாய் போர்த்துக்கீசியன் கப்பலில் வந்தது. உருளைக்கிழங்கும் அப்படித்தான். அவற்றை விட்டுவிட்டு அவர் ஒரு வேளை சாப்பிடட்டும், பார்க்கலாம். இலங்கைத் தமிழர்கள் பான்கேக்கை மெல்லியதாக ஊற்றி, உள்ளே தேங்காய்ப்பூவும் வெல்லமும் கிளறி வைத்துச் சுருட்டி, எப்போதோ தங்கள் பண்டமாக்கிக்கொண்டார்கள். அங்கே அதை யாரும் அந்நியப் பண்டம் என்பதில்லை.

எனக்கும் அது அந்நியமில்லை. நான் படித்தது புதுச்சேரியில், மாமா வீட்டில் தங்கி, பிரெஞ்சு வழியில். 1959-ல் எனக்கு ஒன்பது வயது. 1954 நவம்பரிலேயே நிர்வாகம் இந்தியாவிடம் வந்துவிட்டாலும், சட்டப்படி ஊர் கைமாறியது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். ஆகவே நான் படித்த காலத்தில் வகுப்பில் பிரான்ஸ் நாட்டு ஆசிரியைகள் இருந்தார்கள். பிப்ரவரி 2, கிறிஸ்துமஸ் கழிந்து 40-ஆம் நாள், அவர்களுக்கு ஷாந்த்லர் பண்டிகை. அன்றைக்கு வீட்டுக்கு வீடு க்ரெப் சுடுவார்கள். நம் ஊத்தப்பம் கனத்தில் இருக்கும் அமெரிக்கப் பான்கேக் வேறு. க்ரெப் என்பது பேப்பர் ரோஸ்ட் மாதிரி மெல்லிசு, ஆனால் மொறுமொறுக்காது, துணி போல மடியும்.

எங்கள் டீச்சர் வகுப்பறை மூலையில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்ற வைத்து, இரும்புச் சட்டியில் ஊற்றுவார். ஒரு கையில் காசை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சட்டியை வீசி க்ரெப்பைக் காற்றில் திருப்ப வேண்டும். சரியாக விழுந்தால் வருடம் முழுக்கப் பணக்கஷ்டம் இல்லை என்பது அவர்கள் ஐதீகம். நான் வீசியது தரையில் விழுந்தது. எழுத்தர் சம்பளத்தில் வாழ்ந்து முடித்ததற்குக் காரணம் அதுவோ என்னவோ.

அதைவிட முக்கியமாக ஒன்று. அந்த அம்மாள் உள்ளே வைத்தது என்ன தெரியுமா? அவர் ஊரில் ஆப்பிளோ ஸ்ட்ராபெரி ஜாமோ வைத்திருப்பார். இங்கே மார்க்கெட்டில் வாழைப்பழம் வாங்கி, வில்லையாக நறுக்கி, வெண்ணெயில் பிரட்டி வைத்தார். பிரெஞ்சுக்காரியே உள்ளூர்ப் பழத்தைத் தேடிப் பிடித்து வைத்தாள். உள்ளூர்க்காரன் நாம், கொல்லையில் தார் தொங்க, படத்தில் இருக்கும் ஸ்ட்ராபெரிக்குப் பணம் கட்டுகிறோம். இதுதான் என் ஆத்திரத்தின் மூலம். மே மாதத்தில் மாம்பழம், பலா, மற்ற நாளில் கொய்யா, பப்பாளி, சப்போட்டா என்று பழம் மலிந்த மாவட்டம் இது. திருச்சியில் வாழைக்கென்றே 1993 முதல் ஒரு தேசிய ஆராய்ச்சி மையம் இயங்குகிற மாநிலம். வாழை போட்ட எத்தனையோ பேர் தாருக்கு விலை படியவில்லை என்று மாட்டுக்குப் போட்டதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன்.

திங்கட்கிழமை பிப்ரவரி 2. பிள்ளைகள் லீவு போட்டிருந்தார்கள். "இன்னைக்கு தாத்தா க்ரெப் சுடப் போறேன்" என்று அறிவித்துவிட்டேன். என் கணக்கு வழக்கமானது: 250 கிராம் மாவு, 4 முட்டை, அரை லிட்டர் பால், சிட்டிகை உப்பு, உருக்கின வெண்ணெய் இரண்டு ஸ்பூன். கலக்கி ஒரு மணி நேரம் மூடி வைக்க வேண்டும். மாவு பாலைக் குடித்து ஊறினால்தான் கிழியாமல் வரும். முட்டையை எடுக்கப் போனேன். மனைவி குறுக்கே நின்றாள். "ஏங்க, நேத்துதான் பூசம், இன்னைக்குத் திங்கக்கிழமை. என் அடுப்புல முட்டை ஒடைக்கக் கூடாது."

வாதாடிப் பயனில்லை. முட்டை மாவைப் பிடித்து நிற்கச் செய்கிற பொருள். அதற்குப் பதில் எதைப் போடுவது? மசித்த வாழைப்பழமும் ஓரளவு பிடிக்கும். இரண்டு பூவனை மசித்துச் சேர்த்தேன். மைதாவும் வீட்டில் இல்லை, கோதுமை மாவுதான். பாலைத் தாராளமாக விட்டு நீர்க்கக் கரைத்து, கட்டி போக வடிகட்டி, ஊற வைத்தேன். ஊறுகிற நேரத்தில் பழத்தை வில்லையாக நறுக்கி, ஒரு ஸ்பூன் நெய்யில் இரண்டு பக்கமும் சிவக்கப் பிரட்டி, துளி வெல்லத் தூளும் தேங்காய்த் துருவலும் ஏலக்காயும் தூவி இறக்கினேன். பச்சைப் பழத்தை அப்படியே வைத்தால் தண்ணீர் விட்டுக்கொண்டு க்ரெப் நைந்துபோகும், இது முக்கியம்.

முதல் இரண்டும் கல்லில் ஒட்டிக்கொண்டு கந்தலானது. மூன்றாவது திரும்பியது. மடித்து, உள்ளே பழத்தை வைத்து, தட்டில் நீட்டினேன். பேத்தி நான்கு சாப்பிட்டாள், பேரன் மூன்று. பாட்டிலை யாரும் தேடவில்லை.

நான் மார்தட்டிக்கொண்டு திரும்பினால் மனைவி என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். "கோதுமை மாவு, வாழைப்பழம், வெல்லம், ஏலக்கா, நெய். முந்தாநாள் நான் சுட்டது இன்னா?" என்றாள்.

எனக்கு வாயடைத்துப்போனது. முட்டையையும் மைதாவையும் எடுத்துவிட்ட பிறகு நான் சுட்டது அவளுடைய வெல்ல தோசைதான். ஒரு பிரெஞ்சுப் பெயரை ஒட்டினேன், உள்ளே போய்விட்டது. டப்பாக்காரன் ஸ்ட்ராபெரிப் படத்தை ஒட்டி விற்ற வேலையைத்தான் நானும் செய்திருக்கிறேன். ஒரு வித்தியாசம், என்னிடம் பழம் இருந்தது. அது பெரிய சமாதானமாக எனக்குப் படவில்லை.

அதனால் மத்தியானச் சாப்பாட்டின்போது பேத்தியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "காலையில நீ சாப்பிட்டது க்ரெப் இல்லம்மா. ஆயாவோட வெல்ல தோசைதான்." மருமகள், "மாமா, இப்பப் போய் ஏன் சொல்றீங்க, இனிமே தொடவே மாட்டா" என்று கவலைப்பட்டாள். பிள்ளைகளை ஏமாற்றித் தின்ன வைப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. காய்கறியை மசித்து ஒளித்துக் கொடுப்பதும் அப்படித்தான். பெரியவளானால் காய்கறியின் பெயரே அவளுக்குத் தெரிந்திருக்காது.

பேத்தி கொஞ்ச நேரம் யோசித்தாள். "இல்ல தாத்தா. ஆயாவோடது தடியா இருந்திச்சு. உள்ளயும் ஒண்ணும் வைக்கல. உன்னோடது மெல்லிசா இருந்திச்சு, பழம் பழமா வந்திச்சு" என்றாள்.

நான் ஆயாவைப் பார்த்தேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் ரசத்தைக் கலக்கி ஊற்றிக்கொண்டே, "அவ்ளோதானே? அடுத்த தடவை மாவைத் தண்ணியா கரைச்சுட்டாப் போச்சு" என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, காலையில் தீய வைத்த கல்லை யார் தேய்ப்பது என்று கேட்டாள்.