புது டிவி வந்தும் படம் மங்கலா? கோளாறு திரையில் இல்லை!

2006-ல் தமிழக அரசு தொடங்கிய இலவச கலர் டிவி திட்டத்தில் கிடைத்தது 14 அங்குலப் பெட்டி. இன்று ஊரில் இருக்கும் அப்பா, அம்மாவுக்கு 43 அங்குல எச்.டி. டிவி வாங்கித் தரப் பலருக்கும் ஆசை. 2025 செப்டம்பர் 22 முதல், 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது.

ஆனால், 70 கொண்டை ஊசி வளைவு ஏறி கொல்லிமலை வீட்டில் மாட்டினால், படம் பழைய டிவியைவிட மங்கலாகத் தெரியலாம். ஏன்?

சாதாரண எஸ்.டி. சேனலின் படத்தில் சுமார் 4 லட்சம் புள்ளிகள்தான். முழு எச்.டி. திரையில் 20 லட்சத்துக்கும் மேல். மீதியை டிவியே ஊகித்து நிரப்புகிறது. சின்னத் திரையில் மறைந்திருந்த குறை, பெரிய திரையில் பல்லிளிக்கிறது.

எச்.டி. செட்டாப் பாக்ஸ், எச்.டி. சேனல் பேக், எச்.டி.எம்.ஐ. கேபிள் மூன்றும் வேண்டும். பழைய மஞ்சள்-சிவப்பு-வெள்ளை ஒயரில் எச்.டி. வராது.

மலையில் டிஷ் பார்க்கும் திசையைச் சரிவோ மரமோ மறைக்கக் கூடாது. கனமழையில் சிக்னல் போகும். ஓடிடி பார்த்துக்கலாம் என்றால், முதலில் அந்த வீட்டுக் கூடத்தில் போனில் ஒரு வீடியோ ஓட்டிப் பாருங்க.

கடையில் ஓடும் டெமோவை நம்பாதீங்க, எஸ்.டி. சேனலைப் போட்டுக் காட்டச் சொல்லுங்க. நல்ல சிக்னல் வராத வீட்டுக்கு 32 அங்குலமே போதும். மிச்சப் பணத்தில் முதலில் எச்.டி. பாக்ஸ் மாற்றுவதே புத்திசாலித்தனம்.