உத்தரவு டெல்லியில், ஆதாரம் உள்ளாட்சியில்!



"தலைமுறை தலைமுறையாக நாம் இந்த மண்ணின் மைந்தர்கள். நம்மை யார் அந்நியர் என்று சொல்ல முடியும்?" என்று மேடைதோறும் முழங்குகிறோம். முழக்கம் சரிதான். ஆனால் விசாரணை அதிகாரி கேட்பது முழக்கத்தை அல்ல, ஆவணத்தை!

திருட்டு வழக்கில்கூட குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசின் பொறுப்பு. ஆனால் 'நீ வெளிநாட்டவன்' என்று சந்தேகம் கிளப்பப்பட்டால், 'இல்லை' என்று நிரூபிக்கும் சுமை சம்பந்தப்பட்டவர் தலையில்தான் விழுகிறது. 1946-ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டத்தில் இருந்த இந்த விதி, 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டத்திலும் தொடர்கிறது.

அஸ்ஸாமைப் பாருங்கள். அங்கே மணமாகி வேறு ஊருக்குச் சென்ற ஏழைப் பெண்களிடம் பிறப்புச் சான்று இல்லை. பள்ளிச் சான்றும் இல்லை. தந்தைக்கும் தமக்கும் உள்ள உறவைக் காட்ட அவர்களிடம் இருந்தது பஞ்சாயத்துச் செயலாளர் கொடுத்த சான்றிதழ் மட்டுமே. அது செல்லாது என்று 2017 பிப்ரவரியில் குவஹாத்தி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, சுமார் 48 லட்சம் பேரின் கதி கேள்விக்குறியானது. ஜம்இய்யத்துல் உலமாவும் மற்றவர்களும் உச்சநீதிமன்றம் சென்றனர். சரிபார்த்த பிறகு அச்சான்றிதழை ஏற்கலாம் என்று 2017 டிசம்பர் 5 அன்று தீர்ப்பு வந்தது. ஒரு பஞ்சாயத்துக் கையெழுத்தின் மதிப்பு புரிகிறதா? அப்படியும் 2019 ஆகஸ்ட் 31-ல் வெளியான குடிமக்கள் பதிவேட்டில் 19 லட்சத்துக்கும் அதிகமானோர் விடுபட்டார்கள். அவர்களில் இந்துச் சகோதரர்களும் ஏராளம்.

"அது அஸ்ஸாம், நமக்கென்ன?" என்கிறீர்களா? 2025-ல் டெல்லியிலும் குருகிராமிலும் வங்காளமொழி பேசிய கூலித் தொழிலாளர்கள் பிடிக்கப்பட்டார்கள். மேற்கு வங்கத்துக் கர்ப்பிணிப் பெண்ணொருவர் வங்கதேசத்துக்குள் தள்ளப்பட்டு, நீதிமன்றம் தலையிட்ட பிறகே திரும்பினார். அதே வங்காளத் தொழிலாளிதான் நம் பேக்கரியிலும் ஹோட்டலிலும் உழைக்கிறான்!

நம் மாவட்டத்துக்குத் தனிச் சிக்கலும் உண்டு. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம். பாட்டனாரின் பத்திரம் மலையாளத்தில், கொல்லம் ஆண்டில் இருக்கும். அதில் 'மைதீன்', ரேஷன் கார்டில் 'முகைதீன்', பாஸ்போர்ட்டில் 'மொய்தீன்'. மூவரும் ஒருவரே என்று யார் சொல்வது?

குடியுரிமை மத்திய அரசின் அதிகாரம். நகராட்சியோ பேரூராட்சியோ அதைத் தடுக்க முடியாது. ஆனால் பிறப்பு, இறப்புப் பதிவேடு, வீட்டுவரி ரசீது ஆகியவை உள்ளூர் அலுவலகத்தில்தான் உள்ளன. ஆகவே செய்ய வேண்டியவை இவை:

உள்ளாட்சி அலுவலகங்கள் பெயர்ப் பிழை திருத்த வார்டுதோறும் முகாம் நடத்த வேண்டும். கிராம சபையில் எழுந்து நின்று இதைக் கேளுங்கள். கேட்பது சலுகை அல்ல, உரிமை!

பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்யுங்கள். 2023 அக்டோபர் 1-க்குப் பின் பிறந்த பிள்ளைக்குப் பள்ளி முதல் பாஸ்போர்ட் வரை அந்தச் சான்றே ஆதாரம்.

ஜமாஅத் நிர்வாகிகளே! பழைய நிக்காஹ் தப்தர்களைக் கரையானுக்குக் கொடுக்காதீர்கள். அவை குடியுரிமை ஆவணம் அல்ல; ஆனால் ஒரு பெண்ணின் தந்தை பெயரைத் தேடிப் பிடிக்க வழிகாட்டும். மலையாளம் படிக்கத் தெரிந்த ஒரு பெரியவர், ஒரு வழக்கறிஞர், இரண்டு இளைஞர்கள் போதும். ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசலில் ஓர் உதவி மேசை போடுங்கள். எந்த மதத்தவர் வந்தாலும் உதவுங்கள்.

வணிகர்களே! தொழிலாளியின் அடையாள நகலையும் அவன் வீட்டுத் தொலைபேசி எண்ணையும் வைத்திருங்கள். வேலை செய்கிறான் என்று கடிதம் கொடுங்கள். போலீஸ் அழைத்துச் சென்றால் பின்னாலேயே போய் நில்லுங்கள்.

இளைஞர்களே! புரோக்கரிடம் போகாதீர்கள். போலி ஆவணம் ஒன்று போதும், உண்மையான பத்து ஆவணங்களையும் சந்தேகத்துக்குள்ளாக்க.

திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. கடனுக்கே எழுத்து வேண்டுமென்றால் குடியுரிமைக்கு வேண்டாமா? தாகம் எடுத்தபின் கிணறு வெட்டுவோர் ஆகிவிடாதீர்கள். இன்றே அலமாரியைத் திறந்து, உங்கள் தந்தையின் பெயர் எங்கெங்கே எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்!